கியூ தோட்டத்தில் ஒரு நடை, அப்புறம் ஆஃப்டர்நூன் டீ: முழு வழிகாட்டி

ஊரிலிருந்து யாராவது லண்டன் வந்தால் எங்கே கூட்டிப் போவது என்று நண்பர்கள் கேட்கும்போதெல்லாம் நான் சொல்வது ஒன்றுதான். அரண்மனை வாசலில் கூட்டத்தோடு கூட்டமாக நின்று போட்டோ எடுப்பதை ஒரு மணி நேரத்தில் முடித்துக்கொள்ளுங்கள், ஒரு முழு நாளை லண்டனின் தென்மேற்கில் இருக்கும் பெரிய தாவரவியல் தோட்டமான கியூவுக்கு ஒதுக்குங்கள். காலையில் வழிகாட்டியோடு ஒரு நடை, மதியம் மூன்று மணிக்கு முறையான ஆங்கிலேய டீ. என் மாமனார், மாமியார், அத்தை, காலேஜ் நண்பர்கள் என்று பல பேரைக் கூட்டிப் போய், பல தப்புகளைச் செய்து, இப்போதுதான் இதற்கு ஒரு ஒழுங்கு பிடிபட்டிருக்கிறது. அந்தத் தப்புகளை நீங்களும் செய்ய வேண்டாம் என்பதற்காகத்தான் இவ்வளவு நீளமாக எழுதுகிறேன்.

முதல் தப்பை இப்போதே சொல்லிவிடுகிறேன்: எல்லாவற்றையும் பார்த்துவிட நினைப்பது. தோட்டம் 300 ஏக்கருக்கு மேல். அதை முழுக்கச் சுற்றிவிட்டு டீக்குப் போய் உட்கார்ந்தால் கால் வலியில் தின்பது ஸ்கோனா (டீயோடு தரும் உதிரும் குட்டி ரொட்டி) பன்னா என்றுகூடத் தெரியாது. நடையைச் சின்னதாக வையுங்கள், டீக்கு இரண்டு மணி நேரம் விடுங்கள்.

எப்போது போவது, எதை முன்பதிவு செய்வது

ஏப்ரல் கடைசியிலிருந்து மே நடுப்பகுதி வரை போக முடிந்தால் அதுதான் சிறப்பு. தோட்டத்தின் தென்மேற்கு மூலையில் சார்லட் ராணியின் ஓலைக்கூரை வீட்டைச் சுற்றியுள்ள காட்டில் புளூபெல் பூக்கள் தரையெல்லாம் நீலமாக விரிந்து கிடக்கும். ஜூனில் ரோஜா, அக்டோபரில் இலை நிறம் மாறும் காலம். டிசம்பர், ஜனவரியில் போனாலும் உள்ளே செடி வளர்க்கும் கண்ணாடி மாளிகைகள் இருப்பதால் மோசமில்லை, ஆனால் நாலு மணிக்கெல்லாம் இருட்டிவிடும், தோட்டத்தையும் சீக்கிரம் மூடிவிடுவார்கள். அப்போது டீயை இரண்டு மணிக்கே வைத்துக்கொள்ளுங்கள்.

பதிவு செய்ய வேண்டியவை இரண்டு. ஒன்று நுழைவுச் சீட்டு. வாசலில் வாங்குவதைவிட இணையத்தில் முன்கூட்டியே வாங்கினால் விலை குறையும். இன்னொன்று டீ மேசை. சனி, ஞாயிறு என்றால் ஒரு வாரத்துக்கு முன்பே பிடித்துவிடுங்கள். தன்னார்வ வழிகாட்டிகள் நடத்தும் நடைக்குத் தனிக் கட்டணம் கிடையாது, நுழைவுச் சீட்டே போதும். அன்றைக்கு எத்தனை மணிக்கு நடை, எந்தக் கண்ணாடி மாளிகை திறந்திருக்கிறது என்பதை முதல் நாள் இரவு அவர்கள் தளத்தில் ஒரு தடவை பார்த்துக்கொள்ளுங்கள். பழைய கட்டடங்கள் என்பதால் ஒன்று மாற்றி ஒன்று பராமரிப்பு வேலை நடந்துகொண்டேதான் இருக்கும்.

டீ மேசையைப் பதிவு செய்யும்போதே சாப்பாட்டு விஷயத்தைச் சொல்லிவிட வேண்டும். இது நம்மவர்களுக்கு மிக மிக முக்கியம். வழக்கமான தட்டில் ஹாம், புகையிட்ட சால்மன், கோழி எல்லாம் வரும். சைவம் என்று சொன்னால் வெள்ளரிக்காய், சீஸ், முட்டை சாண்ட்விச் தருவார்கள். ஆமாம், அவர்கள் கணக்கில் முட்டை சைவம்தான். கேக் அனைத்திலும் முட்டை இருக்கும் என்றே வைத்துக்கொள்ளுங்கள். ஸ்கோனின் மேல் பளபளப்புக்கு முட்டை தடவும் பழக்கம் உண்டு. ஜெல்லி, மூஸ் வகைகளில் ஜெலட்டின் இருக்கலாம், அது மாட்டிலிருந்தோ பன்றியிலிருந்தோ வருவது. எனவே "சைவம்" என்ற ஒரு சொல்லோடு நிறுத்தாமல், முட்டை வேண்டாம், ஜெலட்டின் வேண்டாம், ஹலால் வேண்டும் என்று தனித்தனியாக எழுதிக் கேளுங்கள். ஒரு பெரிய ஹோட்டலில் நான் இதைச் சொல்லாமல் விட்டு, என் அத்தை மூன்று அடுக்குத் தட்டிலிருந்து ஒரு துண்டு வெள்ளரிக்காயை மட்டும் உருவிச் சாப்பிட்டுவிட்டு "நல்லாத்தான் இருக்கு" என்று சொன்னதை இன்னும் மறக்கவில்லை.

காலையில்

காலையில் நன்றாகச் சாப்பிட்டுவிட்டுக் கிளம்புங்கள், மதியச் சாப்பாடு கிடையாது. நாலு இட்லி தாராளமாகப் போதும். நடுவில் பசித்தால் ஒரு வாழைப்பழம்.

லண்டன் மெட்ரோவில் பச்சைக் கோடாகக் காட்டியிருக்கும் டிஸ்ட்ரிக்ட் லைனில், ரிச்மண்ட் என்று போட்டிருக்கும் ரயிலில் ஏறுங்கள். விம்பிள்டனுக்கும் ஈலிங் பிராட்வேக்கும் போகிற ரயில்களும் அதே பச்சைக் கோட்டில் அதே நடைமேடைக்குத்தான் வரும், ஏமாந்துவிடாதீர்கள். கியூ கார்டன்ஸ் நிலையத்தில் இறங்கினால் தோட்டத்தின் விக்டோரியா கேட் வாசல் ஐந்து, ஆறு நிமிட நடை. ஓவர்கிரவுண்ட் ரயிலும் அங்கே நிற்கும்.

நடந்து பழகிய செருப்போ ஷூவோ போடுங்கள். டீக்குப் போகிறோம் என்று பட்டுப்புடவையும் குதிகால் செருப்புமாக வந்த மாமியாருக்குப் பாதி வழியில் என் கான்வாஸ் ஷூவைக் கழற்றிக் கொடுக்க வேண்டியதாயிற்று. கியூ பக்கத்து டீக்கடைகளுக்குக் கோட்டு, டை எதுவும் வேண்டாம். ஜீன்ஸ் போட்டுக்கொண்டு போனால் யாரும் ஒன்றும் சொல்ல மாட்டார்கள். ஆனால் ஒன்றின் மேல் ஒன்றாகக் கழற்றக்கூடிய துணி அவசியம், ஏனென்றால் வெளியே 12 டிகிரி இருக்கும், பனை மாளிகை (பாம் ஹவுஸ்) என்ற சூடான கண்ணாடி மாளிகைக்குள் நுழைந்தால் நம் ஊர் ஆகஸ்ட் மாதம். மூக்குக்கண்ணாடியும் கேமரா லென்ஸும் உடனே பனி மூடிக்கொள்ளும். ஐந்து நிமிடம் சும்மா நில்லுங்கள், தானாகத் தெளிந்துவிடும்.

வழிகாட்டியோடு

விக்டோரியா கேட்டுக்குள் போனதும் வழிகாட்டிகளின் மேசை எங்கே என்று கேளுங்கள். பத்து நிமிடம் முன்னாலேயே போய் நிற்பது நல்லது. நடை ஒரு மணி நேரத்துக்குக் கொஞ்சம் கூடுதலாக ஓடும். நடத்துகிறவர்கள் பெரும்பாலும் வேலையிலிருந்து ஓய்வு பெற்ற, செடிமேல் பைத்தியமான தன்னார்வலர்கள். டிப்ஸ் கொடுக்கப் போய்ச் சங்கடப்படுத்தாதீர்கள், நன்றி சொன்னால் போதும். ஒவ்வொருவருக்கும் ஒரு பிடித்த மரம் இருக்கும். "உங்களுக்குப் பிடித்தது எது?" என்று ஆரம்பத்திலேயே கேட்டுவிடுங்கள், நடையின் போக்கே மாறிவிடும். ஹீத்ரோவில் இறங்கும் விமானங்கள் தலைக்கு மேலேயே போவதால், காற்று அந்தப் பக்கம் வீசும் நாட்களில் இரண்டு மூன்று நிமிடத்துக்கு ஒரு தடவை அவர் வாக்கியத்தை நிறுத்திவிட்டு அண்ணாந்து பார்ப்பார். பழகிவிடும்.

தோட்டத்தின் கதையை அவர் எப்படியும் சொல்வார்: 1759இல் இளவரசி அகஸ்டா ஆரம்பித்தது, 1840இல் அரசாங்கத்தின் கைக்கு வந்தது, 2003இல் உலகப் பாரம்பரியச் சின்னம் ஆனது. இதைவிட நீங்கள் கேட்டு வாங்க வேண்டிய கதை டர்னர்ஸ் ஓக் என்ற மரத்துடையது. 1798இல் நட்ட ஓக். வருடக்கணக்கில் ஜனங்கள் அடியில் நடந்து நடந்து மண் இறுகிப்போய், மரம் வாடிக்கொண்டிருந்தது. 1987 அக்டோபர் 16 அதிகாலைப் புயலில் கியூவில் மட்டும் 700 மரங்கள் விழுந்தன. இந்த ஓக்கைப் புயல் வேரோடு தூக்கி, அப்படியே திரும்ப அதே குழியில் உட்கார வைத்துவிட்டுப் போய்விட்டது. செத்துவிடும் என்று முட்டுக்கொடுத்து விட்டுவைத்தார்கள். ஆனால் இறுகிய மண் உலுக்கப்பட்டு வேருக்குக் காற்றும் நீரும் கிடைத்ததில் மரம் முன்னைவிடச் செழித்துவிட்டது. அதற்குப் பிறகுதான் பெரிய மரங்களின் அடியில் அழுத்தக் காற்றைச் செலுத்தி மண்ணைத் தளர்த்தும் வேலையை அங்கே ஆரம்பித்தார்கள். உங்கள் வீட்டு மாமரத்தைச் சுற்றிச் சிமெண்ட் போட்டிருந்தால் இந்த இடத்தில் கொஞ்சம் குற்ற உணர்ச்சி வரும்.

பனை மாளிகை 1844 முதல் 1848 வரை கட்டியது. வளைந்த இரும்பும் கண்ணாடியுமாகக் கவிழ்த்து வைத்த கப்பல் மாதிரி இருக்கும். உள்ளே ஒரு தென்னாப்பிரிக்கச் சைக்கஸ் வகைச் செடி (பார்க்கப் பனை மாதிரி, பூவுக்குப் பதில் கூம்பு விடும்), தொட்டியில். 1775இல் பிரான்சிஸ் மாசன் கப்பலில் கொண்டுவந்தது, உலகத்திலேயே வயதான தொட்டிச்செடி என்று சொல்வார்கள். பார்க்கப் பெரிதாக ஒன்றுமில்லை, ஊன்றுகோல்மேல் சாய்ந்துகொண்டிருக்கும் தாத்தா மாதிரிதான் இருக்கும். ஆனால் 1819இல் ஒரே ஒரு தடவை கூம்பு விட்டபோது பெரிய தாவரவியலாளரான ஜோசப் பேங்க்ஸ் அதைப் பார்க்க வந்தாராம்.

இந்த மாளிகையில் நம்மவர்களுக்கு ஒரு தனிச் சுகம் உண்டு. வெள்ளைக்காரர்கள் பலகையைப் படித்துப் படித்து வியக்கும் செடிகளை நாம் பெயர் சொல்லிக் கூப்பிடலாம்: தென்னை, வாழை, மிளகுக்கொடி. பெரிய மரியாதையோடு வைத்திருக்கும் மடகாஸ்கர் பெரிவிங்கிள், அதன் அல்கலாய்டுகளிலிருந்து ரத்தப் புற்றுநோய்க்கு மருந்து எடுக்கிறார்கள் என்று வழிகாட்டி சொல்லச் சொல்ல, என் மாமியார் எட்டிப் பார்த்துவிட்டு "அட, நித்தியகல்யாணி" என்றார். நம் ஊரில் சுடுகாட்டு மல்லி என்று சொல்லி வீட்டுப் பக்கம் அண்டவிடாத அதே பூ.

ரப்பர் மரத்துக்கு முன்னால் கொஞ்ச நேரம் நில்லுங்கள். 1876இல் ஹென்றி விக்காம் பிரேசிலிலிருந்து எழுபதாயிரம் விதைகளைக் கியூவுக்குக் கொண்டுவந்தார், அதில் முளைத்தது இரண்டாயிரத்துச் சொச்சம். அந்தக் கன்றுகளில் பெரும்பகுதி இலங்கைக்குப் போனது, ரப்பர் மலாயாவுக்கும் பரவியது. பிறகு அந்த ரப்பர் தோட்டங்களில் பால் வெட்டப் போனவர்கள் யார் என்று நமக்குச் சொல்ல வேண்டியதில்லை. ஊட்டித் தாவரவியல் பூங்காவை அமைத்த மெக்ஐவரும் கியூவில் வேலை பார்த்துவிட்டு 1848இல் நீலகிரிக்கு வந்தவர்தான். வழிகாட்டியிடம் ஊட்டியைப் பற்றிச் சொல்லுங்கள், அவருக்கும் சந்தோஷமாக இருக்கும்.

ஒரு எச்சரிக்கை. ஒரு குச்சி ஒடித்துப் போய் வீட்டில் நட்டுக்கொள்ளலாமே என்ற எண்ணம் உங்கள் கூட்டத்தில் யாருக்காவது கட்டாயம் வரும். அவர் கையை நீங்கள் பிடித்துக்கொண்டே நடங்கள். செடி வேண்டுமானால் வாசலில் கடை இருக்கிறது.

நடைக்குப் பின், டீக்கு முன்

வழிகாட்டி விடைபெறும்போது மணி பன்னிரண்டேகால் ஆகியிருக்கும். டீ மூன்று மணிக்கு. இந்த இடைவெளியில் இரண்டே இரண்டு இடம் போதும். மிதவெப்ப மாளிகை, 1863இல் திறந்தது, ஐந்து வருடம் மூடிப் பழுது பார்த்து 2018இல் மறுபடி திறந்தார்கள். அங்கே துணையில்லாத ஒரு சைக்கஸ் செடி இருக்கிறது. 1895இல் தென்னாப்பிரிக்கக் காடு ஒன்றில் ஒரே ஒரு ஆண் செடி கிடைத்தது, பெண் செடியை இன்று வரை யாரும் கண்டுபிடிக்கவில்லை, உலகில் இருப்பதெல்லாம் அந்த ஒன்றின் பக்கக் கன்றுகள்தான்.

இரண்டாவது இடம்தான் என் பிரியத்துக்குரியது, மரியான் நார்த் காட்சிக்கூடம். இந்தியா, இலங்கை, பிரேசில் என்று தனியாக ஊர் ஊராகச் சுற்றிச் செடிகளை வரைந்த பெண்மணி. தன் செலவிலேயே கட்டடம் எழுப்பிக் கொடுத்து 1882இல் திறந்தார். எண்ணூறுக்கு மேற்பட்ட ஓவியங்கள் நடுவில் இடைவெளியே இல்லாமல் சுவர் முழுக்க, தபால்தலை ஆல்பம் மாதிரி. பார்க்க வருகிற களைத்த ஜனங்களுக்கு டீயும் காபியும் கொடுக்க வேண்டும் என்பது அவர் ஆசை. அப்போதைய இயக்குநர் ஜோசப் ஹூக்கர் முடியவே முடியாது என்றுவிட்டார். சரி என்று மரியான் வாயை மூடிக்கொண்டு, வாசல்களுக்கு மேலே ஒரு தேயிலைச் செடியையும் ஒரு காபிச் செடியையும் வரைந்து வைத்துவிட்டார். உள்ளே போனதும் முதலில் அதைத் தேடுங்கள்.

கியூவுக்கும் டீக்கும் இதைவிடச் சூடான கதை ஒன்றும் உண்டு. 1913 பிப்ரவரி 20 அதிகாலையில், பெண்களுக்கு ஓட்டுரிமை கேட்டுப் போராடியவர்கள் இந்தத் தோட்டத்தின் டீ மண்டபத்தைக் கொளுத்தித் தரைமட்டமாக்கினார்கள். ஆலிவ் வாரி, லிலியன் லென்டன் என்ற இரண்டு பேர் பிடிபட்டு, சிறையில் உண்ணாவிரதம் இருந்தார்கள்.

தெற்கு மூலையில் 1762இல் கட்டிய பத்து அடுக்குப் பகோடா கோபுரம் இருக்கிறது. (பெயரைக் கேட்டதும் மாமனார் "எங்கே விற்கிறான்?" என்றார்.) 253 படிகள். இன்றைக்கு வேண்டாம், தூரத்திலிருந்தே பாருங்கள். போகிற வழியில் பச்சைக் கிளிகள் கத்திக்கொண்டு பறந்தால் பிரமை இல்லை, நம் ஊர்க் கழுத்துவளையக் கிளியேதான், லண்டனில் ஆயிரக்கணக்கில் குடியேறிவிட்டது.

டீ எங்கே

இரண்டு வழி. தோட்டத்துக்குள்ளேயே, பனை மாளிகைக்கு எதிரே குளத்தின் அந்தப் பக்கம் பழைய அருங்காட்சியகக் கட்டடத்தில் இருக்கும் உணவகம். ஜன்னலோரம் கிடைத்தால் காட்சி பிரமாதம். அல்லது வெளியே வந்து கியூ ரோட்டில் தோட்டச் சுவருக்கு எதிர்ப்புறம் இருக்கும் நியூவன்ஸ் என்ற பழைய குடும்பக் கடை. விக்டோரியா கேட்டிலிருந்து சில நிமிட நடைதான். அங்கே "மெய்ட்ஸ் ஆஃப் ஆனர்" என்று ஒரு சின்னப் பலகாரம், அடுக்கடுக்கான மாவுக் கிண்ணத்தில் திரிந்த பால் பூரணம் வைத்துச் சுட்டது. எட்டாம் ஹென்றி மன்னர் அரண்மனைப் பெண்கள் இதைத் தின்பதைப் பார்த்து ருசித்தார் என்று ஒரு கதை சொல்வார்கள், நம்புவதும் நம்பாததும் உங்கள் இஷ்டம். சூடாகச் சாப்பிட வேண்டும். எனக்குக் காட்சியைவிடப் பலகாரம் பெரிது, அதனால் பெரும்பாலும் நியூவன்ஸ்தான். நகரத்தின் நடுவில் பெரிய ஹோட்டல்களில் ஆளுக்கு 60 பவுண்டைத் தாண்டிப் போகும் டீயோடு ஒப்பிட்டால் பர்ஸுக்கும் நல்லது.

பட்டியலில் மூன்று சொற்களைப் பிரித்துப் படியுங்கள். ஆஃப்டர்நூன் டீ என்றால் சாண்ட்விச், ஸ்கோன், கேக் என்று முழு அடுக்கு. கிரீம் டீ என்றால் ஸ்கோன், கிரீம், ஜாம், டீ மட்டும். சின்ன வயிற்றுக்கும் முட்டைக் கேக் வேண்டாதவர்களுக்கும் இதுவே போதும். ஹை டீ என்பது உண்மையில் வேலைக்குப் போய்வந்த உழைப்பாளிக் குடும்பங்கள் சாயங்காலம் உயரமான சாப்பாட்டு மேசையில் உட்கார்ந்து சாப்பிட்ட சுடு சாப்பாடு. நம் ஊர் நட்சத்திர ஹோட்டல்கள் அதை ஏதோ உயர்குடி விஷயம்போல விற்பது தனிக்கதை. உயர்குடி விஷயம் ஆஃப்டர்நூன் டீதான். 1840 வாக்கில் பெட்ஃபோர்டு பிரபுவின் மனைவி அன்னா மரியா, மதியச் சாப்பாட்டுக்கும் எட்டு மணி ராச்சாப்பாட்டுக்கும் நடுவில் பசி தாங்காமல் ஆரம்பித்த பழக்கம் என்பார்கள்.

மேசையில் உட்கார்ந்த பிறகு

முதலில் டீயைத் தேர்ந்தெடுங்கள். பால் சேர்த்துக் கடுப்பாகக் குடித்துப் பழகிய நாக்குக்கு அசாம். பாலில்லாமல் லேசாக வேண்டுமானால் டார்ஜிலிங். ஏர்ல் கிரேயில் பெர்கமாட் என்ற எலுமிச்சை வகை வாசனை கலந்திருக்கும், பாலோடு பலருக்குப் பிடிப்பதில்லை. சிலோன் இருந்தால் நான் அதைத்தான் எடுப்பேன். 1869இல் இலைத்துரு நோய் வந்து இலங்கையின் காபித் தோட்டங்கள் அழிந்தன, 1880இல் கியூவின் சிபாரிசில் மார்ஷல் வார்ட் என்ற தாவரவியலாளர் போய்ப் பார்த்து நோய் எப்படிப் பரவுகிறது என்று சொன்னாரே தவிர காபியைக் காப்பாற்ற முடியவில்லை. அந்த மலைகளில் தேயிலை ஏறியது அப்படித்தான். அதைக் கிள்ளியவர்கள் திருச்சி, சேலம், புதுக்கோட்டை, ராமநாதபுரம் பக்கத்திலிருந்து போன குடும்பங்கள், அவர்கள் பேரப்பிள்ளைகள் இன்றும் கிள்ளுகிறார்கள். கோப்பையைக் கையில் வைத்துக்கொண்டு மாமனாரிடம் இதைச் சொன்னபோது, அவர் பெரியப்பா ஒருவர் நுவரெலியாவிலிருந்து திரும்பிவந்த கதையை அரை மணி நேரம் சொன்னார். எனக்கு அதுவரை தெரியாத கதை.

தேநீர்க் குடுவை வந்ததும் உடனே ஊற்றாதீர்கள். கறுப்பு டீக்கு நாலு நிமிடம், அசாமுக்கு ஐந்து. தனியாக ஒரு ஜாடியில் வெந்நீர் தருவார்கள், அது டிகாக்‌ஷன் ரொம்பக் கடுப்பானால் விளாவிக்கொள்ள. வடிகட்டியைக் கோப்பைமேல் வைத்து ஊற்றிவிட்டு, பால் கடைசியில். முதலில் பாலா கடைசியில் பாலா என்று இவர்களும் பல காலமாக அடித்துக்கொள்கிறார்கள், நிறம் பார்த்து ஊற்றலாம் என்பதால் கடைசியில் ஊற்றுவது எனக்கு வசதி. சுண்டுவிரலைத் தூக்க வேண்டாம், அது சினிமாவில்.

அடுக்கைக் கீழிருந்து மேலே சாப்பிடுங்கள். கீழே சாண்ட்விச், நடுவில் ஸ்கோன், மேலே கேக் என்பது வழக்கம். சில இடங்களில் ஸ்கோன் தனியாகச் சூடாக வரும், வந்தால் மற்றதை விட்டுவிட்டு அதை எடுங்கள். ஸ்கோனைக் கத்தியால் அறுக்காமல் கையால் இரண்டாகப் பிளக்க வேண்டும். கூடவே வரும் கிளாட்டட் கிரீம் வேறொன்றுமில்லை, நம் பாலாடைதான்: கிரீமை மெதுவாகச் சூடாக்கி ஆறவிட்டு மேலே கட்டுவதை எடுப்பார்கள், கொழுப்பு 55 சதவீதத்துக்குக் குறையாது. டெவன்காரர்கள் முதலில் கிரீம், மேலே ஜாம். கார்ன்வால்காரர்கள் முதலில் ஜாம், மேலே கிரீம். நான் கார்ன்வால் கட்சி. ஜாம்மீது எவ்வளவு கிரீம் வேண்டுமானாலும் குவிக்கலாம் என்பதைத் தவிர வேறு கொள்கை எதுவும் இல்லை.

பில்லில் 12.5 சதவீதம் சேவைக் கட்டணம் ஏற்கெனவே சேர்த்திருக்கிறார்களா என்று பாருங்கள். சேர்த்திருந்தால் அதற்குமேல் டிப்ஸ் தேவையில்லை. மிச்சமிருக்கும் கேக்கைப் பெட்டியில் போட்டுத் தரச் சொல்லிக் கூச்சப்படாமல் கேளுங்கள், தருவார்கள்.

திரும்பும்போது அப்மின்ஸ்டர் போகிற டிஸ்ட்ரிக்ட் லைன் ரயிலில் ஏறினால், மாறாமல் அப்படியே ஈஸ்ட் ஹாம் வரை போகலாம். நாங்கள் அங்கே இறங்கியபோது மணி ஏழு. இரண்டு மணி நேரம் குடுவை குடுவையாகக் குடித்துவிட்டு வந்த மாமனார், ஹை ஸ்ட்ரீட்டில் நம் ஆள் கடை ஒன்றைப் பார்த்ததும் நின்றுவிட்டார். "மாப்பிள்ளை, இப்ப ஒரு இஞ்சி டீ குடிச்சிட்டுப் போகலாமா?"